பள்ளியில் பிள்ளைக்குக் கைகொடுத்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

கணித ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உதவ ஏற்பாடுகள் நிறைய வந்திருக்கின்றன. 14417 கல்வி உதவி எண், பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் மாணவர் மனசு பெட்டி, மாலை வகுப்புகளுக்கு இல்லம் தேடிக் கல்வி, உயர்கல்விக்கு வழிகாட்ட நான் முதல்வன், உயர்வுக்குப் படி. பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். எது, எந்தப் பிள்ளையிடம், யார் மூலமாகப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். முதலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. வினாத்தாளின் கடைசியில் வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மதிப்பெண். இந்த 16-ஐப் பிடித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அதனால் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் முதலில் எடுப்பது இந்த இரண்டையும்தான்.

2023-24இல் ஒரு பையன். வரைபடத் தாளில் அச்சுகளை அழகாகப் போடுவான், அளவுத்திட்டம் எழுதுவான், பரவளையம் மட்டும் வராது. புள்ளிகள் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். கவனமே இல்லை என்று அவன் மேல் ஏற்கெனவே பெயர் விழுந்திருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் அட்டவணை போடுவதை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். மைனஸ் 3-இன் வர்க்கத்துக்கு மைனஸ் 9 என்று எழுதினான். மைனஸ் 2-க்கு மைனஸ் 4. இரண்டும் பிளஸ்ஸில் வர வேண்டும். அப்புறம் வளைகோடு எப்படி வரும்?

முழுக்களைப் பெருக்குவது ஏழாம் வகுப்பில் வரும் பாடம். இவன் ஏழாம் வகுப்பில் இருந்தது 2020-21இல். பள்ளி பூட்டியிருந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது, இவன் வீட்டில் டிவி ரிப்பேர். அந்த வருடம் எல்லோருக்கும் தேர்ச்சி. அந்த ஓட்டையோடுதான் எட்டு, ஒன்பது தாண்டிப் பத்துக்கு வந்திருக்கிறான். பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வைத்தோம். எண்கோடு வரைந்து கூட்டல் கழித்தலில் தொடங்கினோம். குறி பிடிபட்டதும் வரைபடம் தானாக வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் இன்னொன்றும் தெரிந்தது. முகூர்த்த நாட்களில் இரவு கேட்டரிங் வேலைக்குப் போகிறான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. வகுப்பில் தூங்கி விழுந்ததற்குக் காரணம் அது. தலைமையாசிரியர் அந்த கேட்டரிங்காரரைக் கூப்பிட்டுப் பேசினார். உள்ளூர்க்காரர். "பொதுத்தேர்வு முடியற வரைக்கும் தம்பியைக் கூப்பிட மாட்டேன் சார்" என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். பையன் தேறி ஐடிஐ சேர்ந்தான். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது.

இரண்டையும் தனித்தனி வேலையாக நான் பார்ப்பதில்லை. அவன் மனதில் இருந்ததும் நோட்டில் இருந்ததும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்தவை.

*

ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

டீச்சர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என் பையனுக்கு அப்படி ஒருவர் கிடைக்க ஆறாம் வகுப்பு வரை ஆனது.

வாயால் கேட்டால் எல்லாம் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்து முன்பின்னாக மாறும், பாதி வார்த்தை காணாமல் போகும். முன்பு படித்த தனியார் பள்ளியில் "சோம்பேறி, வீட்டில் செல்லம் அதிகம்" என்றார்கள். ஒரே வார்த்தையை நூறு முறை எழுத வைத்தார்கள். அழுதுகொண்டே எழுதுவான், நூறாவது முறையும் தப்பாகவே இருக்கும். நானும் பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து அவனோடு உட்கார முடியாது.

அரசுப் பள்ளியில் சேர்த்தபின், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வளமையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியை ஒருவர் அவனைக் கவனித்தார். ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னார், திணறினான். அதே பத்தியை அவர் படித்துக் காட்டிக் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். என்னை வரச் சொல்லி, "அம்மா, இவனுக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை, இது கற்றல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்பார்கள்" என்றார். அன்றைக்கு ராத்திரி அவனுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையே அவனிடம் சொன்னேன். "அப்போ நான் மக்கு இல்லையாம்மா?" என்றான்.

மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனதும், சான்று வாங்கித் தந்ததும் அவர்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இதையும் சேர்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பத்தாம் வகுப்புத் தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியர், கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்தது. தேறிவிட்டான்.

அந்தச் சிறப்பாசிரியைக்கு ஒரு பள்ளி மட்டும் இல்லை, பல பள்ளிகள். எங்கள் பள்ளிக்கு எப்போது வருவார் என்று பிள்ளைகள் எதிர்பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இப்படிப்பட்டவர்களைப் பள்ளிக்கு ஒருவராகப் போட்டால் என்ன?

*

இல்லம் தேடிக் கல்வி தன்னார்வலர், திருவாரூர் மாவட்டம்

2021 அக்டோபரில் திட்டம் தொடங்கியபோது சேர்ந்தேன். மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணையில் வகுப்பு. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. என்னிடம் வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு ஒன்றாம் வகுப்பு முடியுமுன்னே பள்ளி மூடிவிட்டது. 'க'வையும் 'த'வையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

ஒரு பெண் குழந்தை பேசவே பேசாது. பாட்டுக்கு மட்டும் உதடு அசையும். நடவு சமயம் அம்மா இருட்டி வரும்வரை இது தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும். தம்பியை அனுப்பிவிட்டு வா என்று நான் சொல்லவில்லை, அவனுக்கும் ஒரு ஸ்லேட்டு கொடுத்தேன். அக்கா அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. 'அ' போடு, சுழி போடு என்று அதட்டல் வேறு. அதுதான் நான் கேட்ட அதன் முதல் குரல். ஐந்தாம் வகுப்பில் ஆண்டுவிழா மேடையேறித் திருக்குறள் சொன்னது.

*

உளவியல் ஆலோசகராக இருந்தவர்

பள்ளிக்கல்வித் துறையின் நடமாடும் ஆலோசனை வண்டியில் சில காலம் வேலை பார்த்தேன். ஒரு வண்டி பல மாவட்டங்களைச் சுற்ற வேண்டும். ஒரு பள்ளிக்குப் போனால் அரைநாள், மிஞ்சினால் ஒருநாள். வளரிளம் பருவம், தேர்வு பயம், செல்போன் என்று கூட்டத்தில் பேசுவோம். கூட்டத்தில் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது. கூட்டம் முடிந்து நாற்காலி எடுத்துவைக்கும் சாக்கில் ஒன்று பின்தங்கி நிற்கும். நான் போனது அந்த ஒரு பிள்ளைக்காகத்தான்.

அது சொன்னதைக் கேட்டபின் நான் அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அங்கேதான் எனக்கு மனசு ஆறாது. பிள்ளையின் சம்மதத்தோடு ஒரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். அந்த டீச்சருக்கோ எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை. ஆயினும் போன் போட்டு, "சார், அந்தப் புள்ள இன்னிக்கு சாப்பிட்டுச்சு, சிரிச்சுச்சு" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஆலோசகர் பள்ளியிலேயே, பிள்ளைகள் தினம் பார்க்கும் முகமாக இருக்க வேண்டும். பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

வணிகவியல் ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

எங்கள் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டும் பொறுப்பு எனக்கு. பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மதிப்பெண் இப்போது செல்போனுக்கே வந்துவிடுகிறது. முன்பு பள்ளிப் பலகையைப் பார்க்க வருவார்கள், முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்வோம். இப்போது பிள்ளை எங்கே நின்று பார்க்கிறது என்று தெரியாது. 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசகர்கள் பேசுகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனாலும் முதல் போன் தெரிந்த குரலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியையின் கண்டிப்பு. திருப்புதல் தேர்வுகளை வைத்து, தவற வாய்ப்புள்ள பிள்ளைகளின் பட்டியலை முன்பே எடுத்துவிடுவோம். அப்பா, அம்மா, பக்கத்து வீடு என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று எண்கள். ஆசிரியர்கள் பிரித்துக்கொண்டு ரிசல்ட் வந்ததும் கூப்பிடுவோம். "சாப்பிட்டியா" என்றுதான் ஆரம்பிப்போம். மார்க் பேச்சு அப்புறம்.

ஒரு மாணவி கணக்குப்பதிவியலில் மட்டும் 27. போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டதும், "சார், அவளுக்கு மாமன் வீட்டுல பேசி முடிக்கப் போறாங்களாம்" என்றார். தலைமையாசிரியையும் நானும் அன்று மாலையே போனோம். பெண் உள்ளே அறையில். அவளுக்கு 18 முடியவில்லை, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போனால் சமூகநலத் துறையினர் வாசலில் நிற்பார்கள் என்பதைத் தலைமையாசிரியை ஒளிக்காமல் சொன்னார். அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துதான் சொன்னார். ஒரே பாடம்தான் போயிருக்கிறது, துணைத்தேர்வு எழுதினால் இந்த வருடமே கல்லூரியில் சேரலாம், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 அவள் கணக்கிலேயே விழும் என்றும் விளக்கினார். அப்பா வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "புள்ள எழுதட்டும்" என்றார்.

துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் குறைவு. விட்டால் தக்கலில் கூடுதல் பணம் கட்ட வேண்டும். அதனால் மறுநாளே பள்ளிக்கு வரவழைத்து விண்ணப்பம் போட்டோம். தேர்வு வரை தினமும் இருப்புநிலைக் குறிப்பும் சரிக்கட்டுதல்களும் போட்டுப் பார்த்தாள். தேறினாள். இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.காம்.

*

ஒரு தந்தை, சேலம் மாவட்டம்

திருப்பூர் சகோதரிக்கு ஒரு கேள்வி. என் மகள் எட்டாம் வகுப்பு. நீங்கள் எழுதியது அப்படியே அவளைப் பார்த்து எழுதியது போல இருக்கிறது. கூடுதல் நேரம் கேட்க யாரிடம் போக வேண்டும்? பத்தாம் வகுப்பு வந்தபிறகு கேட்டால் போதுமா?

*

ஒரு தாய், திருப்பூர் மாவட்டம்

அண்ணா, அதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே தலைமையாசிரியரிடம், வட்டார வளமையச் சிறப்பாசிரியர் எந்த நாளில் வருவார் என்று கேளுங்கள். மகளின் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள், அதைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் புரியும். மருத்துவ முகாமில் மதிப்பீடு செய்து சான்று வாங்க நாளாகும். சான்று கையில் இருந்தால், பத்தாம் வகுப்பில் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். முக்கியமாக, சொல்லச் சொல்ல எழுதுபவரோடு தேர்வெழுத அவளுக்குப் பழக்கம் வேண்டும். என் பையன் முதல் தடவை வேகமாகச் சொல்லி, அந்த சாரால் எழுத முடியாமல் போய்விட்டது. காலாண்டு, அரையாண்டிலேயே அப்படி எழுத வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.