ஸ்பானிஷ்ல பில்டிங்குள்ள வழி கேக்கறது: கேக்க வருது, பதில்தான் புரியல

பாதிவழி:
மாட்ரிட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ரோட்டுல பிரச்சனையே இல்ல, போன்ல மேப் இருக்கு, பெரிய பில்டிங்குள்ள நுழைஞ்சாதான் முழிக்கறேன். நேத்து ஒரு ஆபீஸ்ல செக்யூரிட்டிகிட்ட "டோந்தே எஸ்தா", அதாவது எங்க இருக்குன்னு, ரூம் நம்பர் சொல்லி கேட்டேன், அவர் "அல் ஃபோந்தோ, அ லா தெரேச்சா"ன்னார். மெக்சிகோக்காரர் ஒருத்தர் வீடியோ பாத்துதான் படிச்சேன், அதுல தெரேச்சோன்னா நேரான்னு இருந்துச்சு, சரின்னு வராண்டாவுல நேரா போய் கடைசி கதவைத் திறந்தா உள்ள மாப்பும் பக்கெட்டும்! இதெல்லாம் எப்படிங்க பிரிச்சு கேக்கறது?

மூணாம்மாடி:
எல்லாரும் விழற குழிதான் 😄 கடைசி எழுத்தைப் பிடிக்க முயற்சி பண்ணாதீங்க, வேகமா பேசும்போது காதுல விழாது, முன்னாடி "அ லா" வருதான்னு கேளுங்க. "அ லா"வோட வந்தா அது தெரேச்சா, வலது. ஸ்பெயின்ல நேரா போன்னு சொல்றதுக்கு "தோதோ ரெக்தோ"தான் ஜாஸ்தி. அல் ஃபோந்தோன்னா கடைசில. பாத்ரூம் எங்க கேட்டாலும் "அல் ஃபோந்தோ அ லா தெரேச்சா"தான் பதில்னு அவங்களே ஜோக் அடிப்பாங்க.

இன்னொண்ணு, பாத்ரூம் இருக்கான்னே தெரியலன்னா "டோந்தே எஸ்தா" வேணாம், "ஆய் உன் பான்யோ போர் அகீ?"ன்னு கேளுங்க, இங்க பக்கத்துல இருக்கான்னு அர்த்தம். போர்டுல அசேயோஸ், செர்வீசியோஸ்னு போட்டிருந்தாலும் அதேதான்.

படிக்கட்டு:
மாடி கணக்கையும் சொல்லிடறேன். ஸ்பெயின்ல தரைத்தளம் ப்ளாந்தா பாஹா, அதுக்கு மேலதான் ப்ரிமேரா, முதல் மாடி. பார்சலோனா பழைய பில்டிங்ல என்த்ரெசுவேலோ, ப்ரின்சிபால்னு நடுவுல ரெண்டு மாடி வந்து அப்புறம்தான் ப்ரிமேரோ ஆரம்பிக்கும், லிஃப்ட் இல்லாத பில்டிங்ல பொட்டியோட ஏறினவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. கொலம்பியா, சிலி பக்கம் ப்ரிமேர் பீசோன்னா தரைத்தளமேதான். லிஃப்டுக்கு ஸ்பெயின்ல அசென்சோர், மெக்சிகோல எலெவதோர்.

மூணாம்மாடி:
ஆமா, இத விட்டுட்டேன். அவங்க சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி கைய காட்டுங்க, "அ லா தெரேச்சா, சீ?"ன்னு, வலதுதானேன்னு அர்த்தம். தப்புன்னா அங்கயே திருத்திடுவாங்க. ஆரம்பத்துல "பெர்தோனே" (மன்னிக்கணும்) போட்டுக்கோங்க, மரியாதையாவும் இருக்கும்.

பாதிவழி:
ரொம்ப தேங்க்ஸ், அந்த "அ லா" விஷயத்தை யாருமே சொல்லித் தரல. பாத்ரூம் கதவுல ஒத்தை எழுத்து 'சி' போட்டிருந்தா?

படிக்கட்டு:
கபாயேரோஸ், ஆம்பளைங்களுக்கு. 'எஸ்' போட்டிருந்தா செஞ்ஞோராஸ், அந்தப் பக்கம் போயிடாதீங்க.

பாதிவழி:
நல்லவேளை கேட்டேன். நாளைக்கு மறுபடி அதே ஆபீஸ், அதே செக்யூரிட்டி. பக்கெட்ட பாத்துட்டு நான் திரும்பி வந்தத அவர் பாத்துட்டார்னு நினைக்கறேன் 🤦