கழுத்துக் கதீட்டரில் தொற்று: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரண்டு இரத்த நாளங்களை இணைப்பது) வைத்து ஐந்து வாரம் ஆகிறது. அது பக்குவப்படும்வரை கழுத்துக் கதீட்டர்தான் (கழுத்து இரத்த நாளத்துக்குள் செருகிய குழாய்) கதி. போன வாரம் இயந்திரத்தில் இணைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பற்கள் தந்தியடிக்க நடுங்கத் தொடங்கிவிட்டார். மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. காய்ச்சல் 102 டிகிரி. குழாய் வெளியே வரும் இடத்தில் சிவப்போ சீழோ இல்லை. முந்தைய முறை லேசாகக் குளிர்கிறது என்று அவர் சொன்னபோது, விசிறியை நிறுத்தியதோடு சரி. இப்போது நினைத்தால் என்னையே நொந்துகொள்கிறேன்.

இரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) அனுப்பியதில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி வந்திருக்கிறது. கதீட்டரை எடுத்துவிட்டார்கள். கிருமி இதய வால்வில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் ஊசி தொடர்கிறது.

இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்: பழைய குழாயை எடுத்தபின் எத்தனை நாள் கழித்துப் புதியது போட்டார்கள்? டயாலிசிஸ் முடிந்ததும் குழாய்க்குள் ஆன்டிபயாடிக் கரைசலை நிரப்பி மூடிவைக்கும் முறை உங்களுக்குப் பலன் தந்ததா? கட்டு நனையாமல் எப்படிக் குளிப்பாட்டுகிறீர்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. ஒரு நாள் ஊழியர் முகக்கவசம் இல்லாமலே குழாயின் மூடியைத் திறந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் முகம் சுளிக்காதபடி எப்படிக் கேட்கிறீர்கள்?