வீட்டுப் பொடிக்கு வைத்த அம்மாயி பெயரை எப்படிப் பதிவு செய்வது?

கோபி பொடிக்காரி:

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். 2019 தைப் பொங்கல் சமயத்தில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு என்று வீட்டிலேயே அரைத்து விற்க ஆரம்பித்தேன். போன வருடம் என் நாத்தனாரும் சேர்ந்துகொண்டார், இப்போது மரச்செக்கு நல்லெண்ணெயும் போடுகிறோம். வைத்த பெயர் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பெயர், அதோடு 'வீட்டுப் பொடி' என்று சேர்த்தோம். அம்மாயிக்கு எங்கள் குலதெய்வத்தின் பெயர்தான், எங்கள் பக்கம் அப்படித்தான் வைப்பார்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு வருடத்துக்கு 100 ரூபாய் கட்டி எடுத்திருக்கிறேன், சிறுதொழிலுக்கான உத்யம் சான்றிதழும் இருக்கிறது. ஜிஎஸ்டி இல்லை, அந்த அளவுக்கு விற்பனை இன்னும் வரவில்லை.

போன வாரம் சத்தியமங்கலத்தில் ஒரு மளிகைக் கடையில் எங்கள் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்ட பாக்கெட்டைப் பார்த்தேன். அதே மஞ்சள் நிறம், அதே உரல் படம். கடைக்கார அண்ணன், "உங்க சரக்குனு நினைச்சுத்தானம்மா வாங்கிப் போட்டேன்" என்கிறார். வாங்கி வந்து பிரித்துப் பார்த்தால் பருப்புப் பொடியில் பூண்டு வாசமே இல்லை. இதைத் தின்றுவிட்டு எங்கள் பொடி கெட்டுப்போய்விட்டது என்று எத்தனை பேர் நினைத்தார்களோ.

உத்யம் போட்டுக் கொடுத்தவர், பெயர் அரசாங்கத்தில் ஏறிவிட்டது, இனி வேறு யாரும் வைக்க முடியாது என்று அன்றைக்குச் சொன்னார். இப்போது கேட்டால் அது வேறு, இது வேறு என்கிறார். எது சரி? பெயரை நமக்கே உரியதாகப் பதிகிற ட்ரேட்மார்க் எடுக்க எவ்வளவு ஆகும்? 1,999 ரூபாய்க்கு எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று போனில் அழைக்கிறார்களே, நம்பலாமா? என் பெயரில் போடுவதா, நாத்தனாரோடு சேர்த்துப் போடுவதா? அந்தச் சத்தி ஆளை என்ன செய்வது?

சேலத்து ஊறுகாய்:

அக்கா, நானும் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உத்யம், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எதுவுமே பெயரை உங்களுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுப்பதில்லை. ஜிஎஸ்டியில் வணிகப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் ஒரே பெயரை நூறு பேர் எழுதினாலும் யாரும் தடுக்க மாட்டார்கள்.

விண்ணப்பம் போடும்போது நான் செய்த தப்பை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள். 2014-இல் இருந்து ஊறுகாய் போடுகிறேன், 2021-இல்தான் விண்ணப்பித்தேன். போட்டுக் கொடுத்த ஏஜென்ட் முதல் விற்பனைத் தேதியைக் கேட்கவே இல்லை, 'இனிமேல் பயன்படுத்தப் போவது' என்று டிக் செய்து அனுப்பிவிட்டார். அப்படிப் போட்டால் பழைய பில் எதுவும் தேட வேண்டாம், அவருக்கு வேலை சுலபம். பிறகு 2018-இல் ஆரம்பித்த ஒருவர் எனக்கு ஆட்சேபணை போட்டபோது, என் விண்ணப்பமே நான் 2021 வரை விற்கவில்லை என்று சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்ய வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் இன்னொரு கிரைண்டர் வாங்கியிருக்கலாம். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டு வாங்கி, ஒவ்வொரு கட்டமாக நீங்களே படியுங்கள்.

கிண்டி குமாஸ்தா:

சேலத்துக்காரர் சொன்னது ரொம்ப முக்கியம். நான் ஒரு ட்ரேட்மார்க் வக்கீல் அலுவலகத்தில் 11 வருடமாக இருக்கிறேன், இந்த ஒரு கட்டத்தால் கஷ்டப்பட்டு வருகிறவர்களை மாதாமாதம் பார்க்கிறேன்.

முதலில் செலவு. அரசாங்கக் கட்டணம் தனி ஆளுக்கோ சிறு நிறுவனத்துக்கோ ஆன்லைனில் 4,500 ரூபாய், நேரில் கொடுத்தால் 5,000. மற்றவர்களுக்கு ஆன்லைனில் 9,000. இது ஒரு வகுப்புக்கு மட்டும். பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள், உங்கள் பொடியும் சத்துமாவும் 30-இல் வரும், சமையல் எண்ணெய் 29-இல் வரும். ஆக இரண்டும் வேண்டுமென்றால் 9,000. அந்த 1,999 என்பது அவர்களுடைய கூலி மட்டும்தான், அரசாங்கக் கட்டணத்தைப் பிறகு தனியாகக் கேட்பார்கள், விண்ணப்பத்தைப் பரிசீலித்து அலுவலகம் அனுப்பும் ஆய்வறிக்கை வந்தால் அதற்குப் பதில் எழுத இன்னொரு தொகை. கூலி வாங்குவது தப்பில்லை, ஆனால் எது எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் நீங்களே போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும்.

பணம் கையைக் கடித்தால் 30-ஐ முதலில் போடுங்கள். தகராறு பொடியில்தானே.

யார் பெயரில் என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள், தயவு செய்து தள்ளிப் போடாதீர்கள். 2019-இல் இருந்து விற்றது நீங்கள் ஒருவர் என்றால் உங்கள் பெயரில் போட்டுவிட்டு, நாத்தனாரோடு கூட்டு ஒப்பந்தம் எழுதும்போது பெயர் யாருடையது, பிரிந்தால் யாருக்கு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். கூட்டு நிறுவனத்தின் பெயரிலேயே போடுவதானால் பங்குதாரர்கள் எல்லோர் பெயரும் விண்ணப்பத்தில் வர வேண்டும், 4,500 சலுகைக்கு அந்த நிறுவனத்தின் பெயரில் உத்யம் இருக்க வேண்டும், உங்கள் தனி உத்யம் அதற்கு ஆகாது. பிராண்ட் ஓட ஆரம்பித்த பிறகு உறவுக்குள் இதைப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று நிறையப் பார்த்துவிட்டேன்.

2019-இல் இருந்து என்று கோரினால் அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். பவுச் அச்சடித்த பில், கடைக்காரருக்குப் போட்ட பில், கண்காட்சியில் கடை போட்ட ரசீது, தேதியோடு இருக்கிற போட்டோ, வாட்ஸ்அப் ஆர்டர், வங்கிக் கணக்கு. பெயரும் தேதியும் சேர்ந்து இருப்பதுதான் பலம். வெறும் 'பொடி 2 கிலோ' என்று எழுதின துண்டுச் சீட்டு அவ்வளவாக உதவாது.

விண்ணப்பம் போனதும் எண் கிடைக்கும், அன்றைக்கே பாக்கெட்டில் 'டிஎம்' என்று போடலாம். வட்டத்துக்குள் இருக்கிற 'ஆர்' குறியைப் பதிவு முடிந்த பிறகுதான் போட வேண்டும், முன்னாலேயே போடுவது சட்டப்படி குற்றம். ஆய்வறிக்கையில் கேள்வி வந்தால் 30 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் ட்ரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள், அதில் இருந்து 4 மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். அதையும் தாண்டினால் சான்றிதழ். விண்ணப்பித்த தேதியில் இருந்து 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 'வீட்டுப் பொடி' என்பது பொருளைச் சொல்கிற வார்த்தை, அதைத் தனியாக உங்களுக்குத் தர மாட்டார்கள். பலம் முழுக்க அம்மாயி பெயரில்தான் இருக்கிறது, அதுவும் தெய்வத்தின் பெயர் என்கிறீர்கள். 'ராமாயண்' என்ற சொல்லை ஊதுபத்திக்குத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் தனக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காகச் சாமி பெயரே கூடாது என்று அர்த்தமில்லை, பதிவேட்டில் அப்படி நிறைய இருக்கின்றன, ஆனால் ஒரே சாமி பெயரைப் பலர் வைத்திருப்பார்கள், அதனால் பாதுகாப்பு மெலிசாகிவிடும். அம்மாயியின் முழுப் பெயரையும் அப்படியே சேர்த்து, எழுத்து வடிவத்தோடும் உரல் படத்தோடும் லேபிளாகப் போடுவது உங்களுக்கு நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. தமிழ் எழுத்தில் போட்டால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ சேர்த்துத் தர வேண்டும்.

நெல்லைச் சீமை:

எங்கள் ஊர் இருட்டுக்கடை அல்வா வழக்கைப் படியுங்கள் சகோதரி, உங்கள் கதைக்கு ரொம்ப நெருக்கம். முன்னால் 'திருநெல்வேலி' என்று சேர்த்து அதே பெயரை வைத்த இன்னொருவரும் தன்னிடம் பதிவு இருக்கிறது என்று வாதாடினார். 2015-இல் உச்ச நீதிமன்றம், முதலில் இருந்து அந்தப் பெயரில் விற்று வந்தவரின் உரிமை பதிவையும் விட மேலானது என்று தீர்ப்புச் சொன்னது. அதனால் இதுவரை பதிவு செய்யவில்லையே என்று நொந்துபோக வேண்டாம். பதிவு இல்லாமலே, என் சரக்கு மாதிரி ஏமாற்றி விற்கிறார் என்று மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஆனால் பதிவு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, இல்லாவிட்டால் உங்கள் பெயருக்கு ஊரில் நல்ல பேர் இருக்கிறது என்பதைக் கூட சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும்.

சத்திக்காரருடைய பாக்கெட் இரண்டை பில்லோடு வாங்கிப் பிரிக்காமல் வையுங்கள். பின்பக்கம் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கும், அதை வைத்து ஆள் யார் என்று தெரிந்துகொள்ளலாம். அவர் தெரியாமல் செய்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் நேரில் போய்ச் சண்டை போடாதீர்கள்.

கோபி பொடிக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு நானும் என் மகளும் உட்கார்ந்து ட்ரேட்மார்க் தளத்தில் தேடினோம். 30-ஆம் வகுப்பில் அந்தச் சாமி பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஆனால் அம்மாயியின் முழுப் பெயர் யாருக்கும் இல்லை. 29-இல் ஒன்றுமே இல்லை. சத்திக்காரர் விண்ணப்பித்த மாதிரியும் தெரியவில்லை. நாத்தனாரிடம் பேசிவிட்டேன், "அம்மாயி உங்களுக்குத்தானே அம்மாயி" என்று சொல்லிவிட்டார், என் பெயரிலேயே போடுகிறோம், ஒப்பந்தத்திலும் எழுதிக்கொள்கிறோம்.

2019 பவுச் பில் கிடைத்துவிட்டது! அரிசி டப்பாவில் ரேஷன் கார்டோடு இருந்தது. அதில் பெயரும் அச்சாகி இருக்கிறது. இன்னொரு சந்தேகம், மஞ்சள் தூளும் போடலாம் என்று இருக்கிறோம், பாக்கெட்டில் 'ஈரோடு மஞ்சள்' என்று போட்டுக்கொள்ளலாமா?

கிண்டி குமாஸ்தா:

அந்த பில்லை முதலில் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள், அச்சகத்தில் மை வெளுத்துப்போகாத நகல் இருந்தால் அதையும் கேளுங்கள். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்த ஊர்ப் பொருளுக்கே உரிய பெயர் என்ற பதிவு, கிடைத்துவிட்டது, அதனால் அந்தப் பெயரைப் பிராண்டாக உங்களால் எடுக்க முடியாது. அந்த மஞ்சளையே வாங்கி அரைத்தாலும், குறியீட்டைப் பாக்கெட்டில் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும், அதற்கான பதிவகமும் சென்னையில் கிண்டியில்தான் இருக்கிறது. இப்போதைக்கு அம்மாயி பெயருக்குக் கீழே 'மஞ்சள் தூள்' என்று மட்டும் போடுங்கள், 30-ஆம் வகுப்பு விண்ணப்பத்தில் பொருள் பட்டியலில் மஞ்சள் தூளையும் மறக்காமல் எழுதுங்கள், பிறகு சேர்க்க முடியாது. சத்திக்காரருக்கு நோட்டீஸ் அனுப்புவதை விண்ணப்ப எண் கையில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், முன்னாலேயே அனுப்பினால் அவர் முந்திக்கொண்டு விண்ணப்பம் போடுவார்.