அம்மாவின் பிடியரிசி

அன்பான ஊரவர்களுக்கு,

அம்மா போன செய்தி போன மாதமே உங்களுக்கு எட்டியிருக்கும். தொலைபேசியில் அழைத்தவர்களுக்கும், யாழ்ப்பாணத்து வீட்டுக்கு நேரே போய் வந்தவர்களுக்கும் எங்கள் ஆறு பேரின் சார்பிலும் நன்றி. “93 வயது, பூட்டப்பிள்ளை கண்ட மனுசி, அழக்கூடாது” என்று பலர் ஆறுதல் சொன்னீர்கள். உண்மைதான். ஆனாலும் அழுகை வருகிறது.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்க வேண்டும், நீ எழுது என்று அண்ணன் சொன்னார். வீட்டில் கிடந்த பழைய கல்வெட்டுகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். பிறந்த குறிச்சி, பெற்றோர், கணவர், பிள்ளைகள், மருமக்கள் எல்லாம் வரிசையாக வரும். நடுவில் “நல்ல இல்லத்தரசியாக” என்று ஒரு சொல் வரும். அறுபது எழுபது வருசம் அந்த ஒரு சொல்லோடு போய்விடும். எனக்கு அது பொறுக்கவில்லை. எழுதத் தொடங்கினால் கல்வெட்டுக்குள் அடங்கவும் இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது 1931இல். 1950இல் ஐயாவைக் கட்டினார். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள எங்கள் ஊர் புங்குடுதீவு. அந்தத் தீவு ஆண்களில் பலரைப் போல ஐயாவுக்கும் தென்னிலங்கையில் கடை. பொங்கலுக்கு ஒருமுறை, அம்மன் கோயில் திருவிழாவுக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் காசுக்கட்டளையும் கடிதமும்தான். ஆறு பிள்ளைகள், படுக்கையில் கிடந்த அப்பாச்சி, இரண்டு மாடு, வளவு நிறையப் பனை, எல்லாம் அம்மாவின் தலையில். ஊரில் அப்போது வீட்டுக்கு வீடு இதுதான் நிலைமை. கடை நடத்தியவர்களின் பெயர் எங்கள் ஊர்ப் பேச்சில் இன்றும் அடிபடுகிறது. வீட்டை நடத்தியவர்களின் பெயரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டுக் கிணறு உவர். குளிக்க, மாட்டுக்கு, பாத்திரம் கழுவ அது போதும். உலை வைக்கவும் குடிக்கவும் நல்ல தண்ணிக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். பின்னேரம் போனால் வரிசை நீளும் என்று அம்மா விடியப்புறம் நாலு மணிக்கே இடுப்பில் குடமும் கையில் வாளியுமாகப் போய்விடுவார். திரும்பி வரும்போது சேலையின் இடப்பக்கம் முழுக்க நனைந்திருக்கும். நித்திரைப் பாயில் கிடந்தபடி அந்த ஈரச் சேலை உரசும் சத்தத்தைக் கேட்டால், இன்னும் அரைமணி நேரம் படுக்கலாம் என்று எனக்குக் கணக்கு.

ஆவணி புரட்டாசியில் பனம்பழம் விழும். களியைப் பிசைந்து பாயில் ஊற்றிக் காயவைத்துப் பினாட்டு. கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் மாரி முடிய, தையில் கிழங்கு. கிழங்கைக் கிண்டி, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, பச்சையாகக் காயவிட்டால் ஒடியல், அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். அம்மா கிழங்கு கிழிப்பதைப் பார்க்க வேண்டும். கத்தியின் நுனியால் தலைப்பக்கம் ஒரு கீறல்தான், பிறகு இரண்டு பெருவிரலாலும் ஒரே இழுவை. நடு நரம்பு தனியாகக் கழன்று மடியில் விழும். நகக்கண்ணில் கிழங்கின் பால் கறுத்துப்போய், மாசி முடியும்வரை போகாது. கூழுக்கு ஒடியல்மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த தண்ணீரை வடித்து, திரும்பவும் ஊறவிட்டு, மூன்று முறை செய்வார். நான் அவசரத்தில் ஒருமுறையோடு நிறுத்தி, கயர்த்துப்போன கூழை ஒரு வீடே முகம் சுழித்தபடி பனையோலைப் பிளாவில் குடித்த கதை அக்காமார் இன்றைக்கும் சொல்வது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். அடுப்படி மூலையில் ஒரு மண்பானை இருந்தது. சோற்றுக்கு அரிசி அளந்து சுளகில் போட்டதும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானைக்குள் போடுவார். இரண்டு நேரமும் போடுவார். அரிசி தாராளமாக இருந்த காலத்திலும் போட்டார், ஒரு கொத்து அரிசியை எட்டுப் பேருக்குப் பங்கிட்ட காலத்திலும் போட்டார். பானை நிறைந்தால் கோயில் மடத்துக்குப் போகும். உங்களில் பலருடைய வீட்டிலும் இந்தப் பிடியரிசி இருந்திருக்கும்.

1983 ஆடியில் நடந்த இனக்கலவரத்தில் ஐயாவின் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கி, ஒரு சாரமும் சேட்டுமாக வீட்டு வாசலில் நின்றார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தண்ணி சுட வைத்தார், சோறு போட்டார். அன்றும் ஒரு பிடி பானைக்குள் விழுந்தது. ஐயா அதன்பிறகு கடை திறக்கவில்லை. 1989இல் போய்விட்டார். 1991இல் நாங்கள் தீவை விட்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வந்து ஒரு வாடகை வீட்டில் ஒதுங்கினோம். அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைக் காலம். ஜாம் போத்தலில் கொஞ்சம் பஞ்சு வைத்து, எண்ணி எண்ணி மண்ணெண்ணெய் விட்டு எரித்தோம். சவர்க்காரம் இல்லை. அரிசி விலை நாளுக்கு நாள் ஏறியது. புது வீட்டில் அம்மா முதலில் வாங்கியது ஒரு மண்பானை.

1995 ஒக்டோபர் 30. அந்த இரவு யாருக்கு மறக்கும். இராணுவம் நெருங்குகிறது, பட்டினத்தை விட்டு வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்ன உடனே மழைக்குள் இறங்கினோம். அம்மாவுக்கு 64 வயது. பானையைக் கொண்டுபோக முடியாதென்று அரிசியைத் தலையணை உறைக்குள் கொட்டி, வாயைக் கட்டி, சேலைத் தலைப்புக்குள் பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டு நடந்தார். நான் சைக்கிளை உருட்டினேன், அக்காவின் பிள்ளைகள் இரண்டும் கரியரில். நாவற்குழிப் பாலம் தாண்ட விடிந்துவிட்டது. மீசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இடம் கிடைத்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு இளம் பெண், பிள்ளை பெற்று ஒன்பது நாள். புருசன் எங்கே என்று அவளுக்கே தெரியாது. முகம் வெளிறி, பிள்ளைக்குப் பால் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதிக் கஞ்சி காய்ச்சினார். முதல் கோப்பை அவளுக்கு. பிறகு விறாந்தையில் இருந்த பிள்ளைகளுக்கு. எனக்குப் பயமும் கோபமும் வந்தது. “எல்லாத்தையும் குடுத்தா நாளைக்கு எங்களுக்கு என்னம்மா?” என்று கேட்டேன். அம்மா அடுப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. “இது எங்கட அரிசி இல்லை மோனை. எடுத்து வைச்ச அரிசி.”

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அண்ணன் தேடி வந்து, கிளாலிக் கடலேரி வழியாக வன்னிப் பெருநிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மிச்சமிருந்த அரிசியை உறையோடு அம்மா அவளுடைய மடியில் வைத்தார்.

2011இல் அம்மாவோடு ஊருக்குப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை, அடுப்படிச் சுவரில் ஆலங்கன்று முளைத்து நின்றது. விழுந்து கிடந்த தென்னோலையில் ஈர்க்கு வார்ந்து, ஒரு பிடி சேர்த்துக் கட்டி, அந்தக் கூரையில்லாத அடுப்படியை அம்மா கூட்டினார். நாங்கள் தடுக்கவில்லை.

கடைசி இரண்டு வருசம் அம்மாவுக்கு ஞாபகம் மங்கிப்போனது. வீடியோவில் என்னைக் கண்டு “ஆர் பிள்ளை நீ?” என்று கேட்ட நாட்கள் உண்டு. ஆனால் மீசாலையில் கண்ட அந்தக் குழந்தையைக் கேட்காத நாள் குறைவு. “அந்தக் குஞ்சு என்ன செய்யுதோ, பால் குடிச்சுதோ.” தங்கச்சி முறையான ஒருத்தி பக்கத்திலிருந்து “வளந்திட்டுது பெரியம்மா, நல்லா இருக்குது” என்று சொல்லிவைப்பாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பெண் எங்கள் ஊர் இல்லை. நல்லூர்ப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். பிள்ளை பெண் பிள்ளை, 1995 ஒக்டோபர் 20ஐ ஒட்டிப் பிறந்தது. தலையணை உறை வெள்ளைத் துணி, ஒரு மூலையில் என் மூத்த அக்கா நீல நூலால் தைத்த இரண்டு கிளிகள், ஒன்றுக்கு வால் முடியாமல் விட்டிருக்கும். உங்கள் மருமக்கள், சம்பந்தி வீட்டார், வேலையிடத்தில் பழகும் வன்னிச் சனம், யாராவது இப்படி ஒரு கதை சொல்லக் கேட்டிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
இளைய மகள்,
ஸ்காபரோ, கனடா