வெட்டு எவ்வளவு? ஒன்ராறியோ ஆப்பும் வெளிநாட்டுத் தளமும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஸ்காபுறோவிலிருந்து:

போன ஹொக்கி சீசனில் கட்டிய ஒவ்வொரு பந்தயத்தையும் மகளுடைய பழைய கணக்குக் கொப்பியில் எழுதி வைத்தேன். எந்த ஆட்டம், எங்கே கட்டினேன், அதே நிமிடத்தில் மற்ற இடத்தில் என்ன ஒட்ஸ் (வென்றால் ஒரு டொலருக்குத் திரும்பும் காசு) இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. வேலைத்தலத்தில் ஒருவன் தினமும் ஒரே பல்லவி பாடிக்கொண்டிருந்தான்: "உள்ளூர் ஆப்பில் கட்டுகிறவன் மடையன் அண்ணை, வெளிநாட்டுத் தளத்தில் பாருங்கோ, வெட்டு அரைவாசிதான்." வெட்டு என்றால் பந்தயக் கொம்பனி தனக்கென்று எடுக்கிற பங்கு. அவன் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவன் சொல்லாமல் விட்ட பாதியைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதமும் கொஞ்சக் காசும் போனது.

கணக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1 ஐ ஒட்ஸால் வகுத்து, இரண்டு பக்கத்தையும் கூட்டுங்கள். ஒன்றுக்கு மேலே வருவதுதான் கொம்பனியின் வெட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு வேலை இடைவேளையில், பார்க்கிங்கில் காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரொறொன்ரோ அணியான லீவ்ஸின் ஆட்டம். இங்கே உரிமம் பெற்ற ஆப்பில் லீவ்ஸுக்கு 1.80, எதிரணிக்கு 2.05. கூட்டினால் 1.043. குராசோ என்ற கரீபியன் தீவின் உரிமம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்த தளத்தில் 1.85, 2.08. கூட்டினால் 1.021. வேலைத்தலத்து ஆள் சொன்ன மாதிரியே அரைவாசி. அன்றைக்கே அங்கே கணக்குத் திறந்துவிட்டேன்.

ஆறு மாதத்தில் அங்கே கட்டியது மொத்தம் சுமார் 2,600 டொலர், ஒவ்வொன்றும் 25, 50 என்று சின்னச் சின்னதாக. ஒவ்வொரு நூறுக்கும் இரண்டு டொலர் மிச்சம் என்று வைத்தால் 52 டொலர். அவ்வளவுதான். மூன்று தரம் காசு போட்டேன். என் பாங்க் கார்டை அந்தத் தளம் எடுக்காததால் கிரிப்டோ வாங்கித்தான் அனுப்ப வேண்டும். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி, அனுப்பும் செலவு, கனடா டொலரிலிருந்து அமெரிக்க டொலருக்கு மாறும்போது நழுவுவது எல்லாம் சேர்த்து 31 டொலர் என்று கொப்பியில் இருக்கிறது. காசைத் திரும்ப வெளியே எடுக்கிற கதை அதைவிட மோசம், கடைசியில் வருகிறேன்.

இன்னொரு விஷயம். இங்கே பழைய நிலைமை தெரியாமல் ஆப்புகளைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். 2021 ஆகஸ்டு 27க்கு முன்னால் கனடாவில் ஒற்றை ஆட்டத்தில் சட்டப்படி பந்தயம் கட்டவே முடியாது. குற்றவியல் சட்டம் விடாது. லொத்தர் சீட்டு விற்கிற கடையில் ப்ரோ-லைன் சீட்டை நிரப்பி, பல ஆட்டங்களைச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும், ஒன்று தவறினால் முழுச் சீட்டும் குப்பை. சேர்க்கும்போது வெட்டும் சேர்ந்து பெருகும் என்பதுதான் விஷயமே. அமெரிக்கக் கணக்கில் இரண்டு பக்கமும் மைனஸ் 110 என்றால் 110 கட்டி 100 வெல்வது, நூறு டொலருக்குச் சராசரியாக 95.45 திரும்பும். மூன்று ஆட்டத்தைக் கோர்த்தால் 87 டொலர்தான் திரும்பும். ஒட்ஸ் அதைவிடக் கீழே என்றால் யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தளத்துக்கு ஓடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2022 ஏப்ரல் 4இல் ஒன்ராறியோவில் தனியார் கொம்பனிகளுக்குக் கதவு திறந்தபின், வெட்டுக் குறைவு என்று பெயர் வாங்கிய பின்னக்கிள் உட்பட, வெளியில் இருந்தே பல காலம் நடத்தியவர்களும் முறைப்படி பதிந்து உள்ளே வந்தார்கள். ஆகவே "உள்ளூர்" என்று மொத்தமாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. என் கொப்பியில் உரிமம் பெற்ற ஆப்புகளுக்குள்ளேயே ஒரே ஆட்டத்துக்கு வெட்டு நூற்றுக்கு 2.5 இலிருந்து 6 வரை மாறுகிறது.

அப்புறம் எதில் கட்டுகிறோம் என்பது எங்கே கட்டுகிறோம் என்பதைவிடப் பெரிய விஷயம். யார் வெல்வார் என்பதில் 4 வெட்டுகிறவன், இன்னார் கோல் அடிப்பாரா என்பதில் 8, 9 வெட்டுகிறான். ஸ்டான்லி கோப்பை யாருக்கு என்று 32 அணிக்கும் போட்டிருந்த ஒட்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கூட்டினேன். 1.25 வந்தது. மனிசி தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, "இந்தக் கணக்கை மகளுக்குச் சொல்லிக் குடுத்தாலாவது பிரயோசனம்" என்றாள்.

உரிமம் பெற்ற ஆப்புக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். அவற்றில் ஒன்றில் நான் நல்ல ஒட்ஸாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டத் தொடங்கிய ஏழாவது கிழமை, 50 போட்டு அழுத்தினேன், "அதிகபட்சம் 7.38" என்று வந்தது. ஏன் என்று கேட்டால் "வர்த்தக முடிவு" என்ற ஒற்றைப் பதில். குறைந்த வெட்டைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டிவிட்டு வாங்க வந்தவனுக்கு விற்க மாட்டேன் என்றால் என்ன நியாயம்?

மற்றவர்கள் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து:

உங்கள் ஊரில் பல ஆப் இருக்கின்றன, ஒன்றில் விலை பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். இங்கே சட்டப்படி ஒரே கவுண்ட்டர்தான், எடுத்தால் எடு, விட்டால் விடு. அதனால் நான் வேலை பார்த்த இடத்தில் பாதிப் பேர் காப்பிக் கடை ஏஜென்ட்டிடம்தான் போவார்கள். அவன் கொடுப்பது மலாய் ஒட்ஸ்: ஒரு பக்கம் 0.93, அதாவது ஒரு வெள்ளி கட்டி 0.93 வெல்வது, மறுபக்கம் மைனஸ் 0.99, அதாவது 0.99 கட்டி ஒரு வெள்ளி வெல்வது. அதை உங்கள் ஒட்ஸாக மாற்றி நீங்கள் சொன்ன மாதிரி கணக்குப் போட்டால் வெட்டு ஒன்றரைதான் வரும். அவ்வளவு மலிவு.

மலிவுக்குக் காரணம் அவன் முன்பணம் கேட்பதில்லை. எல்லாம் கடன், திங்கட்கிழமை கணக்கு முடிப்பான். நான் நான்கு வாரம் விளையாடினேன். கையில் காசு கொடுக்காததால் 50 போடுகிற இடத்தில் 200 போட்டேன், ஏனென்றால் அது வெறும் வாட்ஸ்அப் செய்திதானே. நான்காவது திங்கள் 1,900 வெள்ளி. ஒன்றரை சதவீத வெட்டில் தோற்ற 1,900. அதைச் சம்பள முன்பணம் வாங்கிக் கட்டினேன். 2022இல் வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இப்படி விளையாடுகிறவனுக்கே 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். வொர்க் பர்மிட்டில் இருக்கிறவன் சிறைக்குப் போனால் அதோடு ஊருக்கு விமானம்தான். இதை எந்த ஒட்ஸில் சேர்ப்பது?

கணக்கு வாத்தியார்:

சின்னத் திருத்தம். 1.043 என்றால் வெட்டு 4.3 அல்ல. நீங்கள் கட்டும் காசில் அவன் பங்கு 0.043 ஐ 1.043 ஆல் வகுத்தது, அதாவது 4.1. சின்ன எண்ணில் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் உங்கள் கோப்பைக் கணக்கு 1.25 என்றால் அது 25 அல்ல, 20. அதுவும் அவன் எல்லா அணிக்கும் ஒரே விகிதத்தில் ஏற்றியிருந்தால்தான். வழக்கமாக வெல்ல வாய்ப்பு மிகக் குறைந்த அணியின் ஒட்ஸில்தான் அதிகம் ஏற்றுவான், ஆகவே அதிசயம் நடக்கும் என்று கட்டுகிறவன்தான் அதிகம் கொடுக்கிறான்.

லண்டன் ஹரோவிலிருந்து:

இங்கே "வெளிநாட்டுத் தளம்" என்றால் ஒரு காலத்தில் ஜிப்ரால்டர் என்றுதான் அர்த்தம். பெரிய கொம்பனிகள் எல்லாம் வரிக்காக அங்கே போய் உட்கார்ந்தன. 2014 சட்டம் வந்தபின் எங்கே உட்கார்ந்தாலும் பிரித்தானிய வாடிக்கையாளருக்கு விற்றால் இங்கே உரிமம் வேண்டும், வரியும் இங்கேதான். 2027 ஏப்ரலில் ஒன்லைன் பந்தய வரி 15இலிருந்து 25 ஆகிறது, பிரித்தானியக் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு. அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்? ஒட்ஸில் ஒன்றிரண்டு புள்ளி இறங்கும் என்பது என் ஊகம், அப்போது உங்கள் வேலைத்தலத்து ஆளைப் போல இங்கேயும் நிறையப் பேர் வருவார்கள்.

நான் சொல்ல வந்தது அத்தானின் கதை. அவர் தானாகவே காம்ஸ்டொப்பில் பெயர் கொடுத்தவர். அதில் பதிந்தால் 2020 மார்ச்சிலிருந்து உரிமம் பெற்ற எந்த ஒன்லைன் கொம்பனியும் உங்களை உள்ளே விடக்கூடாது. ஐந்து வருடத்துக்கு என்று தெரிவு செய்தார், அக்கா அழுதே விட்டா. எட்டு மாதம் நன்றாக இருந்தார். பிறகு ஒரு நாள் கூகிளில் தேடினால் "காம்ஸ்டொப்பில் இல்லாத தளங்கள்" என்று பட்டியலே இருக்கிறதாம், அதிலே ஒட்ஸ் ஒப்பீட்டு அட்டவணை வேறு. யாரிடம் வெட்டுக் குறைவு என்று அழகாக வரிசைப்படுத்தி! அவர் எங்களுக்குச் சொன்ன சாட்டும் அதுதான்: "நான் விளையாடப் போகேல்லை, இங்கே வெட்டு எவ்வளவு கூட என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போனேன்." இரண்டு கிழமையில் காரை விற்றார்.

சிங்கப்பூர்த் தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்வேன், ஒட்ஸைப் பார்த்துவிட்டு அவன் ஏன் இவ்வளவு மலிவாகத் தருகிறான் என்று பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற இடத்தில் ஒரு ஆட்டத்தின் முடிவைப் பிழையாகக் கணக்கிட்டபோது நான் ஐபாஸ் என்ற நடுவரிடம் போனேன், காசு செலவில்லை, இரண்டு மாதம் எடுத்தது, எனக்குச் சாதகமாகவே வந்தது. 38 பவுண்ட்ஸ். குராசோவுக்கு யார் போவது?

ஸ்காபுறோவிலிருந்து:

வாத்தியார் சொன்னது சரி, கொப்பியில் திருத்திவிட்டேன்.

இனி எடுக்கிற கதைக்கு வருகிறேன். ஏப்ரலில் 640 டொலர் எடுக்கப் போட்டேன். முதலில் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்டார்கள், பிறகு மின்சார பில், பிறகு பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து எடுத்த படம், பிறகு அந்தப் படத்தில் விரல் எழுத்தை மறைக்கிறது என்று திரும்பவும். ஒவ்வொரு தரமும் "24 மணித்தியாலத்தில் பதில்". ஐந்தாவது கிழமை காசு வந்தது, பரிசீலனைக் கட்டணம் 40 டொலர் கழித்து. எந்தக் கட்டணம் என்று கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இன்னும் பதிலில்லை. இங்கே உரிமம் பெற்ற ஆப் என்றால் முதலில் கொம்பனியிடம், அங்கே சரிவராவிட்டால் மாகாண அமைப்பான ஐகேமிங் ஒன்ராறியோவிடம் முறைப்பாடு போகும். அந்தத் தளத்துக்கு எழுதிப் பேசுகிற ஒரு சட் ஜன்னல்தான்.

ஆக 52 மிச்சம், 31 போட்ட செலவு, 40 எடுத்த செலவு. 19 டொலர் நட்டம், அதுவும் பந்தயத்தில் தோற்றதைச் சேர்க்காமல். அதைத் திங்கட்கிழமை வேலைத்தலத்து ஆளிடம் காட்டினேன். கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "நீங்கள் காசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டதுதான் பிழை அண்ணை, ஒரேயடியாக 2,600 ஐயும் போட்டிருந்தால் ஒரு தரம்தானே செலவு" என்கிறான்.