மறு: ஸ்லைடருக்குத் தமிழ் – மாறிலியை எப்படி சார் மாற்றுவது?

அனைவருக்கும் வணக்கம்.

ஸ்லைடருக்கு, அதாவது கணினித் திரையில் பிடித்து இழுத்து ஒரு எண்ணைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பட்டைக்கு, என்ன தமிழ் வைப்பது என்று நான்கு நாளாக நழுவல், வழுக்கி, நகர்த்தி என்று ஓடுகிற இழையைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், விடைத்தாள் கட்டு மேசையில் கிடந்ததால் எழுத முடியவில்லை. என் ஓட்டு 'நகர்த்தி'க்கு. வழுக்கி என்றால் பிள்ளைகளுக்குக் குளியலறைதான் நினைவுக்கு வரும். நழுவல் அழகான சொல், ஆனால் நழுவுவது தானாக நடப்பது, இது நாம் பிடித்து இழுப்பது. எதை வைத்தாலும் இரண்டு வகுப்பில் பழகிவிடும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. என் தலைவலி வேறு. அந்த நகர்த்தியைப் பிடித்து ஒரு எண்ணை நகர்த்துகிறோமே, அந்த எண்ணுக்கு என்ன பெயர்?

நடந்ததைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில், நேர்கோட்டுச் சமன்பாடு, ஒய் = எம்எக்ஸ் + சி. முந்தின நாள்தான் 'எக்ஸ், ஒய் மாறிகள். எம், சி மாறிலிகள்' என்று பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். மறுநாள் ஜியோஜீப்ரா என்ற கணித வரைபட மென்பொருளைத் திறந்து அதே சமன்பாட்டைத் தட்டினேன். எம்முக்கும் சிக்கும் அதுவாகவே நகர்த்தி போட்டுக் கொடுத்தது, −5 முதல் 5 வரை, 0.1 படியாக. "எம்மை மாத்திப் பாருங்க, கோடு சாயுறதைக் கவனிங்க" என்றேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "சார், மாறிலின்னா மாறாததுன்னுதானே சொன்னீங்க? அதைத்தான் மாத்துறோம். மாறின்னு சொன்ன எக்ஸை மாத்த ஒண்ணுமே இல்லையே?" என்றாள்.

பதில் சொல்லத்தான் செய்தேன், ஆனால் கொஞ்சம் திணறி. ஃபேனைக் காட்டினேன். இறக்கை ஓயாமல் சுற்றுகிறது, அது எக்ஸ். ரெகுலேட்டரை 3-ல் வைத்தால் நாமாகத் திருப்பும்வரை 3-லேயே நிற்கிறது, அது எம். ஒரு கோட்டுக்குள் எம் அசையாது, எக்ஸ் எல்லா மதிப்பையும் எடுத்துக்கொள்ளும், அப்படி எடுத்துக்கொண்டு கிடப்பதுதான் அந்தக் கோடே. எம்மைத் திருப்பினால் அது வேறு கோடு. புரிந்தது என்று தலையாட்டினார்கள். ஆனால் 'மாறிலியை மாற்று' என்று நான் சொன்ன தமிழ் அபத்தம்தான். ஆங்கிலத்தில் இதற்கென்று 'பாராமீட்டர்' என்று தனிச்சொல் இருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள், நாம் மாறு + இலி என்று பெயரிலேயே பூட்டுப் போட்டுவிட்டோம்.

மாறியும் இல்லாமல் 3, 5 போல நிலையான எண்ணும் இல்லாத இந்த மூன்றாவது வகை எழுத்து ஒன்றும் கணினி வந்து பிறந்ததல்ல. 1591-ல் பிரான்சின் கணித அறிஞர் வியேத் தேட வேண்டிய அளவுகளுக்கு உயிரெழுத்தும் கொடுக்கப்பட்ட அளவுகளுக்கு மெய்யெழுத்தும் வைத்து எழுதினார். (உயிரும் மெய்யும்! தமிழாசிரியர்கள் யாராவது இதை வகுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.) பிறகு 1637-ல் தெக்கார்த்து அதை மாற்றி, தெரிந்ததற்கு ஏ, பி, சி, தெரியாததற்கு எக்ஸ், ஒய், இசட் என்று வைத்த வழக்கம்தான் இன்றும் நம் பாடநூலில் இருக்கிறது. கொடுக்கப்பட்டது, ஆனால் இன்ன எண் என்று சொல்லாதது. அதைத்தான் இப்போது விரலால் இழுக்கிறோம்.

பாராமீட்டருக்குக் கையில் இருக்கும் சொற்களைப் பார்த்தேன். மேல்நிலைப் பாடநூலில் 'துணையலகு' இருக்கிறது, ஆனால் அலகு என்றதும் பிள்ளை சென்டிமீட்டரைத் தேடும். 'அளபுரு' நல்ல சொல், கல்லூரிக்குப் போகட்டும். இலங்கையில் 'பரமானம்' என்கிறார்கள். 'கெழு என்றே சொல்லலாமே' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார், எக்ஸைப் பெருக்கி நிற்பதால் எம் கெழுதான், ஆனால் தனியாக நிற்கும் சியைக் கெழு என்று பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வட்டச் சமன்பாட்டில் ஆரம்?

வகுப்பில் என் வாயில் தானாக வந்தது, "எம்மை ரெண்டுல வச்சுக்கோங்க" என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டு 'வைப்பெண்' என்று பலகையில் எழுதிவிட்டேன். எழுதி முடிக்கும் முன்பே கடைசி பெஞ்சில் சிரிப்பு. இரண்டு நொடி கழித்துத்தான் எனக்கு உறைத்தது, உடனே அழித்தேன். கலைச்சொல் பட்டியல் போடுகிறவர்கள் ஒரு தடவையாவது அதை ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையன்கள் முன்னால் சத்தமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இப்போது நான் சொல்வது 'அமைவெண்'. கைப்பேசியில் 'அமைப்புகள்' என்று பார்த்துப் பழகிய பிள்ளைகள், போய் மாற்றிவிட்டு வந்தால் அப்படியே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். போன வாரம் ஒய் = எக்ஸ்² + பிஎக்ஸ் + 1-ஐ எடுத்து, பியை மட்டும் அமைவெண்ணாக விட்டேன். அதன் வளைகோடான பரவளையம் பக்கவாட்டில் நகரும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நகர்த்தினால் ஒரு பக்கமாக ஏறுகிறது, இன்னொரு பக்கமாக இறங்குகிறது, ஆனால் (0, 1)-ஐ விடவே மாட்டேன் என்கிறது. முனைக்குச் சுவடு போட்டுப் பார்த்தால் ஒய் = 1 − எக்ஸ், அதாவது தலைகீழாக இன்னொரு பரவளையம்... மன்னிக்கவும், எக்ஸ்² என்று இருக்க வேண்டும், 1 − எக்ஸ்². "அமைவெண் மாறும்போது முனையின் நியமப்பாதை என்ன?" என்று, அதாவது முனை நகர்ந்து போகும் பாதை எது என்று, கேட்டேன், யாரும் முழிக்கவில்லை. 'மாறிலி மாறும்போது' என்று அதே கேள்வியைச் சொல்லிப் பாருங்கள்.

பெரியவர் ஒருவர் 'நிலைமாறி' என்று தனிமடலில் எழுதியிருந்தார். ஐயா, பொருள் சரிதான், ஆனால் எழுத்தில் அது 'நிலை மாறிப் போனான்' என்று படிக்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒழுக்கு (நம் நியமப்பாதை), படித்திறன் (நம் சாய்வு) எல்லாம் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் பரமானத்தைச் சின்ன வகுப்புகளில் உண்மையிலேயே சொல்கிறீர்களா, அல்லது நீங்களும் மாறிலியை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறீர்களா? அப்புறம், நகர்த்தி எண்ணுக்குப் பதிலாகக் கோணத்தை நகர்த்தினால் அமைவெண் என்பதா அமைகோணம் என்பதா, அதையும் யாராவது சொல்லுங்கள். திங்கட்கிழமை முக்கோணம் சுழற்ற வேண்டும்.