காலநிலை பற்றிப் பேசிய ஒரு கலை, இன்னும் உறுத்துகிற ஒரு நொடி: பகிருங்கள்

திருப்பூர் செக்கிங்:
நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற அந்தக் கோடுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்டவை. ஒரு கோடு, ஓர் ஆண்டின் சராசரி வெப்பம்; குளிர்ந்த ஆண்டு நீலம், சூடான ஆண்டு சிவப்பு. அந்தக் கோடுகளை அச்சிட்ட பனியன் எங்கள் கம்பெனிக்கு ஏற்றுமதி ஆர்டராக வந்தது. எதிரே நின்ற அக்கா ஒரு பீஸை விரித்து, வலது ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இந்தப் பக்கம் நீலமே விழவில்லையே, பிரிண்ட் கோளாறா?" என்று ஒதுக்கிப் போட்டார். அடுத்த பீஸும் அப்படியே. கோளாறு இல்லை அக்கா, அதெல்லாம் நாம் வாழ்கிற வருடங்கள் என்றேன். "அப்படியானால் இதை யார் சரி செய்ய வேண்டும்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த கட்டைப் பிரித்தேன்.

காங்கேயம் மேட்டுக்காடு:
சகோதரி, கோடு போட்டுக் காட்டினால் போதாது. கேட்க வேண்டியவரை முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். எங்கள் ஊர் நோம்பியில் (கோயில் திருவிழாவில்) வள்ளி கும்மி. முன்வரிசையில் ஓர் அரசியல் பிரமுகர். வாத்தியார் சொந்தமாக நாலு வரி சேர்த்திருந்தார்: கொறங்காட்டில் (மாடு மேயும் காட்டில்) கொழுக்கட்டைப் புல் தழையவில்லை, வெள்வேல மரமும் காய்கிறது, சபையில் எழுந்து பேசுவீரா என்று. அந்த வரியில் பெண்கள் தட்டிய கையை நிறுத்தி, அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பி நின்றார்கள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சாமி கும்பிடும் இடத்தில் இது எதற்கு?" என்றார் மாமா. சாமியிடம் மழை கேட்கிற இடத்தில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?

நொய்யல் கரை:
எங்கள் பள்ளிச் சுவரில் பிள்ளைகள் வறண்ட ஆற்றையும், மனுவை நீட்டும் ஒரு கையையும் வரைந்தார்கள். தேர்தல் வந்ததும் மேலே வெள்ளையடித்துச் சின்னம் எழுதிவிட்டார்கள். அந்தக் கை மட்டும் சுண்ணாம்புக்கு அடியில் மங்கலாகத் தெரிந்தது.
ஆனால் மேட்டுக்காட்டு அண்ணன் சொல்வதை ஏற்க முடியாது. 2011-இல் நொய்யலில் கழிவு விட்ட திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது பாட்டைக் கேட்டு அல்ல. ஆற்றுப் பாசன ஆயக்கட்டு விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்தியதால். சாயக்கழிவு வேறு, காலநிலை வேறு என்பீர்கள். கேட்கும் வழி ஒன்றுதான். பாட்டோடு நிற்காதீர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடுகிறது. புல் முளைக்காததை அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள். "காலநிலை" என்று பொதுவாக எழுதினால் ஓரமாய் வைத்துவிடுவார்கள். எந்தக் குளம், எந்த ஓடை, எத்தனை ஏக்கர் மேய்ச்சல் நிலம் என்று எழுதுங்கள். தீர்மான நகலைக் கேட்டு வாங்குங்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கம் ஆட்சியர் தலைமையில் இருக்கிறது. ஒரு நகல் அங்கேயும் போகட்டும். திங்கட்கிழமை மனு நாளில் நேரில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

காங்கேயம் மேட்டுக்காடு:
தம்பி, நான் ஆலோசனை கேட்கவில்லை. எங்கள் கிராம சபைக்கு வருகிறவர்களை ஒரு திண்ணையில் உட்கார வைத்துவிடலாம். கும்மிக்குப் பக்கத்து ஊர்களும் வண்டி கட்டி வந்தன. அந்தப் பிரமுகர் ஓட்டுக் கேட்டு வரும் நாளில் அதே நாலு வரியைப் பாட வேண்டும் என்று வாத்தியாரிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.